பணம் கட்டி முடித்த பிறகு வந்த பில்: உல்லாசக் கப்பல்களும் எரிபொருள் கட்டணமும்

2007 நவம்பரில், அடுத்த ஆண்டுக் கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த அமெரிக்கர்களுக்குப் புதிதாக ஒரு அறிவிப்பு வந்தது. கார்னிவல் கார்ப்பரேஷன் தன் கப்பல்களில் பிப்ரவரி 1, 2008 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் எரிபொருளுக்காகக் கூடுதலாக வசூலிக்கப் போகிறது. கார்னிவல் மட்டுமின்றி பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, கோஸ்டா, குனார்டு என்று பல பெயர்களில் கப்பல் விடும் நிறுவனம் அது. ஓர் அறையில் தங்கும் முதல் இருவருக்கு இந்தக் கட்டணம். ஒரு பயணத்துக்கு ஒருவர் கட்ட வேண்டிய உச்சத் தொகை 70 டாலர். சில நாட்களிலேயே ராயல் கரீபியன் அதே தொகையை, அதே தேதியிலிருந்து என்று அறிவித்தது. நார்வீஜியனும் பின்தொடர்ந்தது.

கச்சா எண்ணெய் அப்போது பீப்பாய் 100 டாலரை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் அது 55 டாலரை ஒட்டித்தான் இருந்தது. செலவு கூடியது உண்மை. அதைப் பயணிகளும் மறுக்கவில்லை. அவர்களைக் கொதிக்க வைத்தது அறிவிப்பில் இருந்த வேறொரு விஷயம். புதிதாக டிக்கெட் வாங்குபவர்களோடு, ஏற்கெனவே விலை பேசி முன்பணம் கட்டியவர்களும் இந்தத் தொகையைத் தர வேண்டும் என்றிருந்தது. சிலர் முழுப் பணத்தையும் கட்டி முடித்திருந்தார்கள்.

தம்பதியாக ஒரு வாரம் போனால் கூடுதல் செலவு 70 டாலர். ஓராயிரம், இரண்டாயிரம் டாலர் செலவழித்துப் போகிறவர்கள் கப்பலில் ஒரே மாலையில் மதுக்கும் புகைப்படங்களுக்கும் இதைவிட அதிகம் கொடுத்துவிடுவார்கள். நிறுவனங்கள் போட்ட கணக்கும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்: சின்னத் தொகை, முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுவார்கள். பலர் அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் முணுமுணுப்போடு அது நிற்கவில்லை. ஃபுளோரிடா மாநில அட்டர்னி ஜெனரல் பில் மெக்காலம் அலுவலகத்துக்குப் புகார்கள் போய்ச் சேர்ந்தன. விசாரணை தொடங்கியது. 2008இன் தொடக்க மாதங்களிலேயே, அறிவிப்புக்கு முன் பதிவு செய்தவர்களிடம் வசூலித்ததைத் திருப்பித் தர இரண்டு பெரிய நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. கார்னிவல் சுமார் 4 கோடி டாலர். ராயல் கரீபியன் சுமார் 2.1 கோடி டாலர்.

ஆளுக்கு நாளைக்கு 5 டாலர் என்ற சின்னத் தொகை எப்படி இவ்வளவு பெரிய விவகாரமாயிற்று என்பதை விளங்கிக்கொண்டால்தான், இன்றைக்கும் கப்பல் டிக்கெட்டின் பொடி எழுத்துகளில் இருக்கும் ஒரு வாசகத்தின் எடை புரியும்.

நம் ஊர் நகைக்கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்னால் முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டால், தங்கம் ஏறினாலும் பதிவு செய்த நாள் விலைக்கே நகை கிடைக்கும். இறங்கினால் இறங்கிய விலைக்குக் கிடைக்கும் என்று கடைகள் விளம்பரம் செய்கின்றன. முன்பணம் என்பதன் பொருளே அதுதான். என் பணம் உங்களிடம் முன்கூட்டியே இருக்கிறது, பதிலுக்கு விலையேற்றக் கவலை உங்களுடையது. கப்பல் பயணத்துக்கும் ஆறு மாதம், ஓராண்டு முன்பே பதிவு செய்கிறார்கள். முழுத் தொகையும் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே கட்டப்பட்டுவிடுகிறது. அவ்வளவு காலம் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டவர்கள், எண்ணெய் ஏறியதும் திரும்பிவந்து கேட்டார்கள். வாயால் பேசி முடித்த கூலியை வீட்டு வாசலில் வண்டி நின்றதும் மாற்றிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருந்தது.

இந்த உணர்வைப் பொருளாதார அறிஞர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தாலர் ஆகிய மூவரும் கனடாவில் தொலைபேசி வழியே மக்களிடம் கேட்ட கேள்விகளைக் கொண்டு 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பனி பெய்த மறுநாள் காலை, பனி அள்ளும் மண்வாரியின் விலையைக் கடைக்காரர் 15 டாலரிலிருந்து 20 ஆக்கினால் நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். அதே ஆய்வில், மொத்த வியாபாரியே விலையைக் கூட்டிவிட்டதால் கடைக்காரரும் அதே அளவு கூட்டினால் என்ன என்று கேட்டபோது, பெரும்பாலோர் அது சரிதான் என்றார்கள். மூன்றாவது கேள்விதான் நமக்கு முக்கியம். கடையில் பல மாதத்துக்கான கடலை வெண்ணெய் ஏற்கெனவே இருப்பில் இருக்கிறது. மொத்த விலை ஏறிவிட்டது என்று கேள்விப்பட்ட கடைக்காரர் அந்தப் பழைய இருப்புக்கே உடனடியாக விலையைக் கூட்டுகிறார். இதையும் பெரும்பாலோர் அநியாயம் என்றே சொன்னார்கள்.

ஆக, செலவு கூடினால் விலை கூடும் என்பதை மக்கள் ஏற்கிறார்கள். முடிந்துபோன பேரத்துக்குள் கை நுழைவதைத்தான் ஏற்பதில்லை. 2007இன் அறிவிப்பு வாங்குபவர்கள், வாங்கி முடித்தவர்கள் என்ற வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லோரையும் ஒரே வலையில் போட்டது. புதிதாக வாங்குபவர்களுக்கு மட்டும் என்றிருந்தால், என் கணிப்பில், பெரிய சலசலப்பே எழுந்திருக்காது. அதற்கு இந்தியாவிலேயே ஒரு சான்று உண்டு. 2023 அக்டோபரில் இண்டிகோ விமான நிறுவனம் தூரத்தைப் பொறுத்து 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை எரிபொருள் கட்டணம் சேர்த்தது. 2024 ஜனவரியில் விமான எரிபொருள் விலை இறங்கியதும் அதை எடுத்துவிட்டது. எரிச்சல் இருந்தது. ஆனால் வாங்கும்போதே கண்ணில் பட்ட தொகை என்பதால் யாரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை.

அமெரிக்கப் பயணிகளின் கோபத்துக்குப் பழைய கணக்கு ஒன்றும் இருந்தது. 1990களில் கப்பல் நிறுவனங்கள் விளம்பரத்தில் ஒரு விலையைப் போட்டுவிட்டு, பில்லில் "துறைமுகக் கட்டணம்" என்று தனியே ஒரு தொகையைச் சேர்த்துவந்தன. துறைமுகத்துக்குப் போகும் பணம் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் அதில் ஒரு பகுதி நிறுவனத்தின் சொந்தச் செலவுக்கும் லாபத்துக்குமே போனது. 1997இல் ஃபுளோரிடா அரசு இதில் தலையிட்டது. அரசு அமைப்புகளுக்கு உண்மையாகவே செலுத்தும் தொகையைத் தவிர வேறெதையும் விளம்பர விலைக்கு வெளியே தனிக் கட்டணமாக வைக்க மாட்டோம் என்று முக்கிய நிறுவனங்கள் எழுதிக்கொடுத்தன. அது நடந்து பத்தே ஆண்டுகளில், அரசுக்குப் போகாத ஒரு கட்டணம் மீண்டும் பில்லில் தனித் தொகையாக முளைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு "சர்சார்ஜ்" என்ற பழகிய சொல்லைத் தவிர்த்து "சப்ளிமென்ட்" என்று நிறுவனங்கள் பெயர் வைத்தன. பயணிகள் அந்தப் பெயரைப் பொருட்படுத்தவே இல்லை. சர்சார்ஜ் என்றே அழைத்தார்கள்.

இவ்வளவு சின்னத் தொகைக்கு மாநில அரசே ஏன் இறங்க வேண்டியிருந்தது? பயணி தானாக வழக்குப் போட முடியாதா? இங்கேதான் கப்பல் டிக்கெட்டின் சட்டம் வருகிறது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பெண் கார்னிவல் கப்பலில் வழுக்கி விழுந்து காயமடைந்து, கணவரோடு சேர்ந்து தன் ஊரில் வழக்குத் தொடுத்தார். டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைப்படி ஃபுளோரிடாவில்தான் வழக்காட வேண்டும் என்றது நிறுவனம். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. உடலில் காயம்பட்டவருக்கே இந்த நிலை என்றால், 70 டாலருக்காக யார் நாட்டின் மறுகோடியிலிருந்து ஃபுளோரிடாவின் மயாமிக்குப் போவார்? தனிமனிதரால் கேட்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருப்பதுதான் இத்தகைய கட்டணங்களின் பலம். லட்சக்கணக்கான பேரிடம் வாங்கும்போது அதுவே கோடிகளாகிறது. திருப்பித் தரப்பட்ட தொகையே அதற்குச் சாட்சி.

நிறுவனத்தின் தரப்பையும் எண்களோடு பார்க்க வேண்டும். உல்லாசக் கப்பல் என்பது நகரும் ஓட்டல். அதன் எஞ்சின்கள் கப்பலை ஓட்டுவதோடு ஆயிரக்கணக்கான அறைகளுக்குக் குளிர்சாதனம், சமையலறை, சலவை, விளக்கு, கடல்நீரைக் குடிநீராக்குவது என்று எல்லாவற்றுக்கும் மின்சாரம் தர வேண்டும். துறைமுகத்தில் நிற்கும்போதும் பெரும்பாலும் எரிபொருள் எரிந்துகொண்டுதான் இருக்கும். கார்னிவல் கார்ப்பரேஷனின் எரிபொருள் செலவு 2007இல் சுமார் 110 கோடி டாலர். 2008இல் சுமார் 177 கோடி. வாங்கிய எண்ணெயின் அளவு கொஞ்சம்தான் கூடியது, மீதியெல்லாம் விலையேற்றம். அந்த ஆண்டு அந்தக் குழுமத்தின் கப்பல்களில் ஏறியவர்கள் ஏறத்தாழ 82 லட்சம் பேர். அந்தந்த ஆண்டின் பயணிகளால் வகுத்துப் பார்த்தால் ஒரு பயணிக்கான எரிபொருள் செலவு சராசரியாக 140 டாலரிலிருந்து 215 டாலருக்குப் போயிருக்கிறது. ஒரு வாரப் பயணத்தில் 35 டாலர் வாங்கியது அந்த ஏற்றத்தில் பாதிகூட இல்லை. விலை மேலும் ஏற ஏறக் கட்டணமும் ஏறி, 2008 நடுவில் கார்னிவலில் நாளுக்கு 9 டாலர் ஆயிற்று. அப்போதும் முழு ஏற்றமும் ஈடாகவில்லை. எரிபொருளை வைத்துக் கொள்ளை லாபம் அடித்தார்கள் என்று சில பயணிகள் பேசியது கணக்கில் நிற்காது.

ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தக் குழுமத்தின் நிகர லாபம் 2007இல் சுமார் 240 கோடி டாலர்; எண்ணெய் வரலாறு காணாத விலைக்குப் போன 2008இல் சுமார் 230 கோடி. கட்டணம் இல்லாவிட்டால் கப்பல் மூழ்கிவிடும் என்ற நிலை எதுவும் இல்லை. எண்ணெய் விலை ஏறுமோ என்ற அச்சத்துக்கு வணிக உலகில் மருந்து உண்டு. இன்றே ஒரு விலையைப் பேசி, வரும் மாதங்களுக்கான எண்ணெயை முன்பேர ஒப்பந்தங்களால் கட்டிப்போடலாம். ஹெட்ஜிங் என்பார்கள். ராயல் கரீபியன் ஓரளவு செய்துவந்தது. கார்னிவல் அன்று செய்யவில்லை. விலை இறங்கினால் அதன் பலன் முழுதும் தனக்கே வேண்டும் என்று விரும்புகிறவர்கள் எடுக்கும் முடிவு அது. அதில் தவறில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர்கள், ஏற்றம் வந்தபோது அதன் ஒரு பங்கை ஏற்கெனவே பணம் கட்டிய பயணியின் தோளில் இறக்கினார்கள். ஒரு பள்ளி ஆசிரியராலோ ஓய்வூதியக்காரராலோ கச்சா எண்ணெயை முன்பேரத்தில் வாங்கிவைக்க முடியாது. ஆபத்தைத் தாங்கும் வழி தெரிந்தவர், வழியே இல்லாதவரிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனதுதான் இந்த விவகாரத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

செலவைக் குறைக்க வேறு வழிகளும் இருந்தன. பின்னாளில் நிறுவனங்களே அவற்றைச் செய்துகாட்டின. கப்பலின் வேகத்துக்கும் அதற்கு வேண்டிய சக்திக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. தோராயமாக வேகத்தின் மும்மடிக்கு ஏற்பச் சக்தி கூடுகிறது. 22 நாட் (கப்பல் வேகத்தின் அலகு) வேகத்தை 20 ஆக்கினால், தேவைப்படும் உந்து சக்தி கால் பங்கு குறையும். அதே தூரத்துக்கு அதிக நேரம் ஓட வேண்டும் என்பதைக் கழித்தாலும் உந்துகைக்கான எரிபொருளில் சுமார் 17 சதவீதம் மிச்சம். அதனால் துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்படுவது, அருகருகே உள்ள ஊர்களைக் கோத்துப் பயணத்தை வகுப்பது, கப்பலின் அடிப்பாகத்தில் வழுவழுப்பான பூச்சுப் பூசுவது ஆகியவையெல்லாம் நடைமுறைக்கு வந்தன. பயணிக்கு ஊர் சுற்ற ஒரு மணி நேரம் குறைந்தது. அதற்கு யாரும் புகார் எழுதியதாகத் தெரியவில்லை.

பயணிகளின் எதிர்வினை ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டு காருக்குப் பெட்ரோல் போடும்போதே விலை தெரிகிறது, கப்பலுக்கு மட்டும் ஏறாதா என்று கேட்டுக் கட்டியவர்கள் உண்டு. டிக்கெட் விலையிலேயே சேர்த்துவிட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டோம் என்றவர்கள் உண்டு. கப்பலில் அந்த அளவுக்குச் செலவைக் குறைத்துக்கொள்வோம் என்றவர்களும் இருந்தார்கள். மது, சூதாட்டக்கூடம், கரைச் சுற்றுலா இவைதான் கப்பலின் லாபம் என்பதால் அது நிறுவனத்துக்கு வலிக்கும் பதிலடி. டிப்ஸில் கழித்துக்கொள்கிறோம் என்று சொன்னவர்களின் பேச்சுதான் மனதை வருத்துகிறது. அறையைச் சுத்தம் செய்பவரும் மேசையில் பரிமாறுபவரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். எண்ணெய் விலைக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? மேலே இருப்பவர் மீது வந்த கோபம், கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவர் மீது விழுகிறது.

நடுவில் மாட்டிக்கொண்ட இன்னொருவர் பயண முகவர். பழைய வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்து "இன்னும் 140 டாலர் கட்டுங்கள்" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். வாங்கித்தந்த அந்தத் தொகையில் அவருக்குக் கமிஷனும் கிடையாது.

2008 ஜூலையில் 147 டாலர் வரை போன எண்ணெய், உலக நிதி நெருக்கடியில் சரிந்து டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே வந்தது. இப்போது பயணிகள் கேட்டார்கள்: ஏறும்போது உடனே ஏறிய கட்டணம், இறங்கும்போது ஏன் இறங்கவில்லை? நிறுவனங்கள் அசைந்தன. எண்ணெய் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் வாங்கியதைத் திருப்பித் தருவோம் என்றன. ராயல் கரீபியனுக்கு அந்த எல்லை 65 டாலர். கார்னிவலுக்கு 70 டாலர், அதுவும் தொடர்ந்து 25 வர்த்தக நாட்கள் அந்த அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால். திருப்பித் தந்ததும் பணமாக அல்ல, கப்பலுக்குள் மட்டும் செலவழிக்கக்கூடிய வரவாக. பணமாக வாங்கியதைப் பணமாகத் தராததைப் பலர் இரண்டாவது அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆட்கள் வராத பொருளாதார மந்தத்தில் டிக்கெட் விலையையே வெட்டிக்கொண்டிருந்த நிறுவனங்கள், பின்னர் கட்டணத்தை மொத்தமாகக் கைவிட்டன.

வசூல் நின்றாலும் வாசகம் போகவில்லை. ராயல் கரீபியனும் நார்வீஜியனும் எண்ணெய் பீப்பாய் 65 டாலரைத் தாண்டினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 டாலர் வரையும், கார்னிவல் 70 டாலரைத் தாண்டினால் 9 டாலர் வரையும் வசூலிக்கும் உரிமையைத் தங்கள் நிபந்தனைகளில் வைத்துக்கொண்டன. 2011 முதல் 2014 நடுப்பகுதி வரை எண்ணெய் பெரும்பாலும் 85 டாலருக்கு மேலேயே இருந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு 120 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு கார்னிவலின் எரிபொருள் செலவு 200 கோடி டாலரைத் தாண்டியது, அதுவும் கொரோனா அடியிலிருந்து மீளாத நேரத்தில். அந்த இரண்டு காலங்களிலும் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை. செலவை டிக்கெட் விலையிலும் கப்பலுக்குள் விற்கும் பொருட்களிலும் ஏற்றிக்கொண்டன. 2008இன் பாடம் அவர்களுக்கு நன்றாகவே ஏறியிருந்தது: 100 டாலர் கூடுதலான டிக்கெட்டை வாங்குகிறவர், வாங்கிய டிக்கெட்டின் மேல் 35 டாலர் கேட்டால் சண்டைக்கு வருகிறார்.

விலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினால் வாங்குபவர் மொத்தத்தைக் குறைத்தே நினைவில் வைக்கிறார் என்று 1998இலேயே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள். தனிக் கட்டணங்கள் மீது நிறுவனங்களுக்கு இருக்கும் ஆசைக்கு அதுவே காரணம். கலிஃபோர்னியா மாநிலம் மறைமுகக் கட்டணங்களைத் தடைசெய்து இயற்றிய சட்டம் 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கப்பல் நிறுவனங்கள் வரிகளையும் துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்தே விளம்பர விலையைக் காட்டத் தொடங்கின. விலையை முழுதாகச் சொல்ல அவர்களால் முடியாது என்பதல்ல; யாராவது சொல்ல வைக்க வேண்டியிருக்கிறது.

எரிபொருளின் விலையும் இனி எண்ணெய்ச் சந்தையால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தக அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக உலகெங்கும் குறைக்கப்பட்டது. 2025 மே முதல் மத்தியதரைக் கடலில் 0.1 சதவீதம். தூய எண்ணெய் விலை கூடியது. 2024 முதல் ஐரோப்பியத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய கப்பல்கள் தாங்கள் வெளியிடும் கரியமில வாயுவுக்கும் அனுமதி வாங்க வேண்டும்: முதல் ஆண்டின் வெளியீட்டில் 40 சதவீதத்துக்கு, அடுத்த ஆண்டு 70, 2026 முதல் முழுதும். கரீபியன் கடலில் சுற்றும் கப்பலுக்கு இல்லாத செலவு பார்சிலோனாவில் நிற்கும் கப்பலுக்கு உண்டு. பீப்பாய் விலையை மட்டும் அளவுகோலாக வைத்த 2008இன் வாசகத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை.

ஐரோப்பியச் சட்டம் பயணியை நடத்தும் விதமும் வேறு. 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுலாத் தொகுப்பு விதிகளின்படி, எரிபொருள் ஏற்றத்துக்காக விலையைக் கூட்டும் உரிமை வேண்டுமென்றால், இறங்கும்போது குறைத்துத் தரும் கடமையையும் ஒப்பந்தத்தில் எழுதியாக வேண்டும். புறப்படுவதற்கு 20 நாட்களுக்குள் கூட்ட முடியாது. 8 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் பயணி அபராதமின்றி விலகிக்கொள்ளலாம். பிரிட்டனிலும் இதே விதிதான். பார்சிலோனாவில் நிற்கும் ஒரே கப்பலில், ஒரே தளத்தில், எதிரெதிர் அறைகளில் இருவர் தங்கியிருக்கலாம். ஹாம்பர்க்கில் பதிவு செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பெல்லாம் உண்டு. ஹூஸ்டனில் பதிவு செய்தவரிடம் இருப்பது, எண்ணெய் 65 டாலரைத் தாண்டினால் நாளுக்கு 10 டாலர் வரை கேட்கலாம் என்று எழுதியிருக்கும் ஒரு தாள்.